ஆறு ஒருமுறை, நகரம் பலமுறை!

2025 நவம்பரில் ஐ.நா. சபை உலக நகரங்களின் புதிய பட்டியலை வெளியிட்டது. பல்லாண்டுகளாக முதலிடத்தில் இருந்த டோக்கியோ மூன்றாம் இடத்துக்கு இறங்கியிருந்தது. ஏறத்தாழ 4.2 கோடி மக்களோடு இந்தோனேசியாவின் ஜகார்த்தா முதலிடம். 3.7 கோடியைத் தொடும் வங்கதேசத் தலைநகர் டாக்கா இரண்டாம் இடம். ஒரே ராத்திரியில் யாரும் போய்க் குடியேறிவிடவில்லை. மாநகராட்சி எல்லையைப் பார்க்காமல், கட்டடங்கள் நெருக்கமாகத் தொடரும் பரப்பு முழுவதையும் ஒரே நகரமாக எண்ணியதால் வந்த மாற்றம் இது. ஆனால் 2050-க்குள் டாக்காவே முதலிடத்தைப் பிடித்துவிடும் என்றும் அதே அறிக்கை சொல்கிறது.

இந்த இரண்டு நகரங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், காலநிலை மாற்றத்தையும் இடப்பெயர்வையும் பற்றி நாம் கேட்டுப் பழகிய கதை கொஞ்சம் பிசகுகிறது. கேட்டுப் பழகிய கதை இதுதான்: கடல் உயரும், ஏழை நாட்டு மக்கள் கூட்டங்கூட்டமாகப் படகேறுவார்கள், பணக்கார நாடுகளின் வாசலில் வந்து நிற்பார்கள். பிரிட்டிஷ் சூழலியலாளர் நார்மன் மயர்ஸ் 1995-லேயே 20 கோடி 'சுற்றுச்சூழல் அகதிகள்' வரக்கூடும் என்று எச்சரித்தார். அந்த எண் பசுமை இயக்கத்தாருக்கும் பயன்பட்டது. எல்லையில் வேலி போட விரும்பியவர்களுக்கும் அதைவிட நன்றாகவே பயன்பட்டது.

நடப்பது வேறு. வெள்ளத்திலோ வறட்சியிலோ பிழைப்பை இழந்தவர்களில் பெரும்பாலோர் நாட்டின் எல்லையைத் தாண்டுவதே இல்லை. அதற்குப் பணமும் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை. ராத்திரி லாஞ்சிலோ பஸ்ஸிலோ ஏறி, அண்ணனோ சித்தப்பாவோ ஏற்கெனவே போயிருக்கும் நகரத்துக்குப் போகிறார்கள். 2050-க்குள் உலகின் ஆறு வட்டாரங்களில் 21.6 கோடிப் பேர் வரை சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர நேரலாம் என்று உலக வங்கி 2021-இல் கணக்கிட்டது. நிலைமை மிக மோசமானால் வங்கதேசத்தில் மட்டும் 1.99 கோடி. முன்கூட்டியே செயல்பட்டால் மொத்த எண்ணிக்கையை 80 சதவீதம் வரை குறைக்கலாம் என்ற வரியும் அதே அறிக்கையில் உண்டு. தலைப்புச் செய்திகளில் அது ஏறவில்லை.

போன இடத்தில் என்ன ஆகிறது என்பதில்தான் இந்தக் கட்டுரைக்கு அக்கறை. ஊரில் ஆறு ஒருமுறை வீட்டைப் பிடுங்குகிறது. நகரத்தில் அதையே தீயும் புல்டோசரும் திரும்பத் திரும்பச் செய்கின்றன. வானிலையை மட்டும் குற்றம் சொல்லி இதை முடித்துவிட முடியாது. காலடி நிலத்துக்குப் பட்டா இருக்கிறதா, இல்லையா என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

போலாவிலிருந்து மீர்ப்பூர் வரை

டாக்காவின் வடமேற்கில் மீர்ப்பூர் பகுதியில் 'போலா பஸ்தி' என்று ஒரு குடிசைப்பகுதி இருக்கிறது. போலா என்பது மேக்னா ஆறு கடலில் கலக்கும் முகத்தில் உள்ள தீவு. வங்கதேசத்தின் தீவுகளில் பெரியது. 1970 நவம்பர் 12-ஆம் தேதி இரவு அந்தக் கடலோரத்தைத் தாக்கிய புயலில் 3 லட்சம் முதல் 5 லட்சம் பேர் வரை இறந்ததாகக் கணக்கு. பதிவான புயல்களில் இதைவிட அதிக உயிர்களைக் குடித்த ஒன்று கிடையாது. அன்றைய பாகிஸ்தான் அரசு காட்டிய மெத்தனம் அடுத்த மாதத் தேர்தலில் எதிரொலித்தது. கிழக்குப் பாகிஸ்தானின் ஏறத்தாழ எல்லா இடங்களையும் அவாமி லீக் வென்றது. ஓராண்டு கழித்து வங்கதேசம் பிறந்தது. புயல் தப்பிப் பிழைத்தவர்களில் ஒரு பகுதியினர் தலைநகரத்துக்கு வந்து ஒதுங்கிய இடம்தான் போலா பஸ்தி. அதற்குப் பிறகும் தீவின் கரைகள் அரிபட்டுக்கொண்டே இருக்க, ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

ஐம்பது ஆண்டுகளில் வங்கதேசம் ஒன்றைச் சாதித்திருக்கிறது. அதைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. 1991 புயலில் சுமார் 1.38 லட்சம் பேர் இறந்தார்கள். 2007 சித்ர் புயலில் மூவாயிரத்துச் சொச்சம். 2020 அம்பான் புயலில் வங்கதேசத்தில் இறந்தவர்கள் முப்பதுக்கும் குறைவு. 1970-க்குப் பின் உருவான புயல் ஆயத்தத் திட்டத்தில் இன்று சுமார் 76,000 தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், அவர்களில் பாதிப் பேர் பெண்கள். மெகாபோனும் கொடியும் சைக்கிளுமாக வீடு வீடாகப் போய் ஆட்களைக் கிளப்பிப் புயல் கூடங்களில் சேர்க்கிறார்கள். பணக்கார நாடுகள் வந்து கற்றுக்கொள்ள வேண்டிய ஏற்பாடு அது.

ஆனால் புயல் கூடத்திலிருந்து வெளியே வரும் குடும்பத்துக்கு உயிர் இருக்கிறது, வீடு இல்லை. வயலில் உப்பு ஏறியிருக்கிறது. மாடு போய்விட்டது. வாங்கிய கடன் மட்டும் போகவில்லை. அந்தக் கட்டத்துக்கு இதுபோல ஒரு திட்டம் இன்னும் பிறக்கவில்லை. 2021-இல் உள்நாட்டு இடப்பெயர்வுக்கென அரசு ஒரு தேசியக் கொள்கையை வகுத்தது. காகிதத்தில் அது நல்ல கொள்கை.

புயலையாவது தாங்கிக்கொள்ளலாம், காற்று ஓய்ந்தபின் மனை அங்கேயே கிடக்கும். ஆற்றரிப்பு அப்படியில்லை. 2018-இல் ஷரியத்பூர் மாவட்டத்தின் நோரியாவில் பத்மா ஆறு கரையைத் தின்றபடி வந்தது. மாடி வீடுகள், கடைத்தெரு, அரசு மருத்துவமனைக் கட்டடம் எல்லாம் ஆற்றுக்குள் சரிந்தன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன, அந்தத் தெருவும் பிறகு இல்லை. 1967 முதல் பத்மா ஆறு 66,000 ஹெக்டேருக்கு மேல் நிலத்தை விழுங்கியிருப்பதாக நாசாவின் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். அடுத்த மழைக்காலத்தில் எந்தக் கரை போகும் என்று டாக்காவில் உள்ள செகிஸ் என்ற ஆய்வு மையம் ஆண்டுதோறும் முன்கூட்டியே வரைபடம் போட்டுச் சொல்கிறது. கணிப்பு பெரும்பாலும் பலிக்கிறது. சொன்ன ஊர்க்காரர்களுக்கு மாற்று இடம் கொடுக்கும் பொறுப்பு மட்டும் யாருக்கும் இல்லை.

ஆறு ஒரு பக்கம் எடுத்த மண்ணை வேறொரு பக்கம் திட்டாகக் கொண்டுவந்து போடும். 'சர்' என்பார்கள் அந்தத் திட்டை. மூழ்கிய நிலம் 30 ஆண்டுகளுக்குள் மீண்டும் எழுந்தால் பழைய உரிமையாளருக்கு அதில் உரிமை உண்டு என்று சட்டம் இருக்கிறது. நடைமுறையில் புதிய சரில் முதலில் கால் வைப்பது லாத்தியால் எனப்படும் தடியாட்கள்தான். அவர்களை ஏவுபவர் வட்டாரத்துப் பெரும்புள்ளி. கையில் பழைய பத்திரத்தோடு டாக்காவில் ரிக்‌ஷா மிதிப்பவர்கள் உண்டு.

உப்பின் கதையில் குற்றவாளிகள் இன்னும் அதிகம். 1960-களில் தென்மேற்குக் கடலோரத்தில் மண்கரைகள் எழுப்பி 'போல்டர்' எனப்படும் நிலத் தொட்டிகளை உண்டாக்கினார்கள். நாட்டின் கடலோரம் முழுவதும் இன்று அப்படி 139 இருக்கின்றன. கடல்நீர் உள்ளே வராமல் நெல் விளைந்தது. ஆனால் வண்டலும் உள்ளே வரவில்லை. கரைக்கு வெளியே ஆற்றுப்படுகை மேடாக, உள்ளே நிலம் தாழ்ந்தது. 1980-களில் இறாலுக்கு ஏற்றுமதிச் சந்தை கிடைத்ததும், வசதி படைத்தவர்கள் அதே கரையில் குழாய் பதித்து உப்புநீரை வேண்டுமென்றே உள்ளே விட்டார்கள். இறால் பண்ணைக்கு நெல் வயலின் ஆட்களில் சிறு பகுதி போதும். மிச்சப் பேர் வேலையிழந்தார்கள். 2009 மே மாதம் அய்லா புயல் வந்தபோது, ஓட்டை விழுந்து பலவீனமாகிக் கிடந்த கரைகள் உடைந்தன. சாத்கீரா, குல்னா மாவட்டங்களின் சில பகுதிகளில் உப்புநீர் ஓராண்டுக்கு மேலாக வடியவில்லை. குல்னாவின் தாகோப் பகுதியில் கர்ப்பிணிகளுக்கு வறண்ட மாதங்களில் ரத்த அழுத்தம் கூடுவதையும், குடிக்கும் தண்ணீரில் உள்ள உப்புக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதையும் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். இதில் எவ்வளவு கடல்மட்ட உயர்வு, எவ்வளவு இறால், எவ்வளவு பொறியாளரின் கணக்குப் பிழை என்று யாரும் பிரித்துக் கொடுத்துவிட முடியாது.

ஆகவே, டாக்கா குடிசைவாசிகளில் 70 சதவீதம் பேர் ஏதோவொரு இயற்கைச் சீற்றத்தால் வந்தவர்கள் என்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் கணக்கை நான் கொஞ்சம் தள்ளி நின்றே பார்க்கிறேன். ஏன் வந்தாய் என்று கேட்டால், ஆறு மனையை எடுத்தது, மகளுக்குக் கல்யாணம் செய்ய வாங்கிய கடன் நெருக்கியது, மச்சான் கார்மெண்ட்ஸில் வேலை இருக்கிறது என்றான் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்பவரை எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

இடம்பெயர்வதையே கேடு என்று நினைப்பதும் தவறு. வடக்கே ரங்க்பூர் வட்டாரத்தில் நடவுக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட பஞ்ச காலத்தை 'மோங்கா' என்பார்கள். 2008-இல் பொருளாதார ஆய்வாளர்கள் சிலர் அங்கே ஓர் எளிய சோதனை செய்தார்கள். நகரத்துக்குப் போய்வர பஸ் செலவாக 600 டாக்கா (வங்கதேச நாணயம்) கொடுத்தார்கள், அவ்வளவுதான். ஆள் கிளம்பிப் போன குடும்பங்களின் உணவும் செலவும் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உயர்ந்தன. காசு கொடுக்காவிட்டால் ஏன் போகவில்லை? போய் வேலை கிடைக்காமல் திரும்பினால் அந்த 600-ஐ இழந்து பட்டினி கிடக்க வேண்டும் என்ற பயம். பின்னாளில் இதே திட்டத்தைப் பெரிய அளவில் செய்தபோது அந்த வெற்றி கிடைக்கவில்லை, நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்த முதல் சோதனை சொன்ன செய்தி முக்கியமானது: மிகவும் ஏழையானவர் கிளம்புவதே இல்லை. கிளம்ப முடியாமல் அங்கேயே மாட்டிக்கொள்பவர் எந்தப் புள்ளிவிவரத்திலும் 'காலநிலை அகதி' ஆக மாட்டார்.

தகரக் கூரையின் கீழ்

டாக்காவுக்கு வரும் வழி மாறியிருக்கிறது. புரிகங்கா ஆற்றின் சதர்காட் துறையில் பரிசால், போலா, பட்டுவாகாலி லாஞ்சுகள் விடியற்காலையில் வந்து ஆட்களைக் கொட்டுவது நெடுநாள் காட்சி. 2022 ஜூனில் 6.15 கிலோமீட்டர் நீளப் பத்மா பாலம் திறந்தபின் தெற்கத்திக்காரர்கள் பஸ்ஸுக்கு மாறினார்கள், லாஞ்சுக் கம்பெனிகள் ஆட்டம் கண்டன. வந்து சேரும் இடம் மட்டும் மாறவில்லை. நகரத்தின் மேட்டு நிலமெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. மிச்சம் இருப்பது ஏரிக்கரை, ரயில் பாதை ஓரம், குப்பை கொட்டித் தூர்த்த பள்ளம். 1988 பெருவெள்ளத்துக்குப் பிறகு நகரின் மேற்கே கட்டிய வெள்ளத் தடுப்புக்கரைக்கு வெளியிலும் குடிசைகள் உண்டு. புதிதாக வருபவர் வெள்ளத்திலிருந்து ஓடிவந்து வெள்ளம் வரும் இடத்திலேயே குடியேறுகிறார். பிரிட்டிஷ் அரசுக்காக 2011-இல் தயாரான ஒரு பெரிய ஆய்வறிக்கை இதை அன்றைக்கே சொல்லிவிட்டது: ஆபத்தைவிட்டு விலகிப் போகிறவர்களைப் போலவே ஆபத்தை நோக்கிப் போகிறவர்களும் இருப்பார்கள் என்று.

கொராயில் டாக்காவின் மிகப் பெரிய குடிசைப்பகுதிகளில் ஒன்று. சுமார் 90 ஏக்கர், எல்லாம் அரசுத் துறைகளின் நிலம். ஏரிக்கு அக்கரையில் தூதரகங்களும் பெரும் பணக்காரர்களும் வாழும் குல்ஷான். சமையலுக்கும், வீட்டு வேலைக்கும், கார் ஓட்டவும் ஆட்கள் இக்கரையிலிருந்து போகிறார்கள். சுற்றிப் போவதைவிடப் படகில் போவது சுருக்கம். அந்த வசதிக்காகவே கொராயில் இன்றும் இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

2012 ஏப்ரலில் புல்டோசர்கள் வந்து ஒரு பகுதியை இடித்தன. மறுநாள் குடிசைவாசிகள் சாலையை மறித்தார்கள், நீதிமன்றம் தடை போட்டது. 2017 மார்ச்சில் தீ. 2025 நவம்பரில் மறுபடியும் தீ. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடிசைகள் சாம்பலாயின. சந்து குறுகல் என்பதால் தீயணைப்பு வண்டி உள்ளே போக முடிவதில்லை. பட்டா இல்லாததால் யாரும் செங்கல் வைத்துக் கட்டுவதில்லை, எப்போது இடிப்பார்களோ என்று தகரமும் மூங்கிலுமே போதும் என்று இருந்துவிடுகிறார்கள். அந்தத் தகரம்தான் 2024 ஏப்ரல் போன்ற வெப்ப அலைகளில் உள்ளே இருப்பவரை வாட்டியெடுக்கிறது. டாக்கா வடக்கு மாநகராட்சி 2023-இல் ஆசியாவிலேயே முதன்முறையாக ஒரு தலைமை வெப்ப அதிகாரியை நியமித்தது. பூங்கா அமைத்து மரம் நட்டால் நல்லதுதான். காற்றோட்டமான கூரை போட அனுமதிப்பது அதைவிட அவசரம். அந்த அனுமதி கொடுப்பது அந்த இடத்தை ஒப்புக்கொள்வதாகிவிடும் என்று அதிகாரிகளுக்குத் தயக்கம்.

தண்ணீர்க் குழாயின் கதையும் இதுதான். மனை எண் இருந்தால்தான் டாக்கா குடிநீர் வாரியம் இணைப்பு கொடுக்கும். எண் இல்லாதவர்கள் தரகர்களிடம் திருட்டுக் குழாய்த் தண்ணீரை வாங்கினார்கள்; குல்ஷான்காரரைவிட லிட்டருக்குப் பல மடங்கு அதிகமாகக் கொடுத்தார்கள். 1990-களில் துஸ்த ஸ்வாஸ்த்ய கேந்திரா என்ற தொண்டு நிறுவனம் வாரியத்திடம் போய், கட்டணத்துக்கு நாங்கள் ஜாமீன் என்று நின்றது. முதல் சில இணைப்புகளில் பாக்கி விழவில்லை என்று கண்டதும் வாரியம் மெல்ல இளகியது. பிறகு குடிசைவாசிகள் சங்கங்களின் பெயரிலேயே இணைப்பு கொடுக்கும் அளவுக்கு வந்தது. நிலத்தின் உரிமையைத் தொடாமலே தண்ணீர் உரிமையைப் பிரித்துக் கொடுத்த இந்தத் தந்திரத்தை மற்ற மாநகரங்கள் கவனித்திருக்க வேண்டும். ஆனால் அந்தத் தண்ணீரின் பெரும்பகுதி நிலத்தடியிலிருந்து வருகிறது, நீர்மட்டம் ஆண்டுக்கு இரண்டு முதல் மூன்று மீட்டர் இறங்குகிறது என்பது இன்னொரு தலைவலி.

இத்தனைக்கும் நகரம் இவர்களால்தான் ஓடுகிறது. நாடு முழுக்கச் சுமார் 40 லட்சம் பேர் வேலை செய்யும் ஆயத்த ஆடைத் தொழிலில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2023 டிசம்பர் முதல் 12,500 டாக்கா. 2013 ஏப்ரலில் டாக்காவை ஒட்டிய சாவாரில் இடிந்து 1,134 உயிர்களைப் பலிகொண்ட ரானா பிளாசா ஆடைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் வேலை பார்த்தவர்களும் ஊர்ப்புறங்களிலிருந்து பிழைக்க வந்தவர்களே. 

டாக்காவைத் தவிர வேறு இடம் வேண்டும் என்று விடாமல் வாதாடியவர் சலீமுல் ஹக். காலநிலைப் பேச்சுவார்த்தைகளில் ஏழை நாடுகளின் குரலாக இருந்த அந்த அறிஞர் 2023 அக்டோபரில் மறைந்தார். வருபவரை வரவேற்கும் சிறு நகரங்களை இப்போதே தயார் செய்யுங்கள் என்பது அவர் யோசனை. உதாரணமாகச் சொன்ன ஊர் துறைமுக நகரான மோங்லா. வெள்ளத் தடுப்புக்கரை, மதகு, வடிகால், குடிநீர் சுத்திகரிப்பு ஆகியவற்றோடு ஏற்றுமதி மண்டலத்தில் தொழிற்சாலை வேலையும் அங்கே சேர்ந்து அமைந்தது. கிராமத்திலிருந்து பெண்கள் டாக்கா போகாமல் அங்கேயே வேலைக்குப் போகிறார்கள். ஆனால் மோங்லாவும் உப்பு ஏறும் வட்டாரத்திலேயே இருக்கிறது. எத்தனை ஆண்டு தாங்கும் என்பது கரையின் உயரத்தைப் பொறுத்தது.

கடற்கரை நகரான காக்ஸ் பஜாரில் அரசு நேரடியாகவே இறங்கியது. 1991 புயலுக்குப் பின் குதுப்தியா தீவிலிருந்து வந்த மீனவக் குடும்பங்கள் கடற்கரையில் குடிசை போட்டு ஒரு தலைமுறை வாழ்ந்துவிட்டார்கள். விமான நிலையத்தை விரிவுபடுத்த அந்த இடம் தேவைப்பட்டது. குருஷ்குல் என்ற இடத்தில் 4,409 குடும்பங்களுக்கு 139 ஐந்து மாடிக் கட்டடங்கள் என்று திட்டம் போட்டு, 2020 ஜூலையில் முதல் 600 குடும்பங்களுக்கு வீடு கொடுத்தார்கள், பெயருக்கு 1,001 டாக்கா விலையில். அரசு இதைக் காலநிலை அகதிகளுக்கான உலகின் பெரிய குடியிருப்புகளில் ஒன்று என்று பெருமையோடு சொன்னது. வீடு உறுதியானது, சந்தேகமில்லை. தீவிலிருந்து துரத்தியது கடல், கடற்கரையிலிருந்து துரத்தியது ஓடுபாதை என்பதையும் அந்தப் பெருமையோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெரும்பாக்கம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு சென்னையின் கடலோரக் குடும்பங்கள் செம்மஞ்சேரிக்கும், 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்பதே காரணம். இரண்டும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகள், மழைக்குத் தண்ணீர் தேங்கும் இடங்கள். ஆற்றங்கரையில் இருந்த பெரிய கட்டடங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அய்லா புயலுக்கும் தமிழகத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம், மேற்கு வங்கத்தின் சுந்தரவனத் தீவுகளிலும் அது வயல்களில் உப்பை ஏற்றியது. ஆண்கள் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் கட்டட வேலைக்குக் கிளம்பினார்கள். 'வடக்கத்தியான்' என்று நாம் ஒரே சொல்லில் அடைத்துவிடும் கூட்டத்தில் அவர்களும் இருக்கிறார்கள்.

கதவை மூடிப் பார்த்த நகரம்

போலா புயல் அடித்த அதே 1970-இல், ஜகார்த்தா ஆளுநர் அலி சாதிகின் தன் நகரத்தை 'மூடப்பட்ட நகரம்' என்று அறிவித்தார். வேலையும் வீடும் காட்டினால்தான் வெளியூர்க்காரருக்குக் குடியிருப்பு அட்டை. பிறகும் பல ஆண்டுகள், ரம்ஜான் விடுமுறைக்கு ஊர் போனவர்கள் புது ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரும்பும் சமயம் பார்த்து அடையாள அட்டைச் சோதனை நடத்தினார்கள். நகரம் நிற்காமல் வளர்ந்தது. அட்டை இல்லாதவர்கள் ஊர் திரும்பவில்லை. அட்டை இல்லாமலே வாழப் பழகினார்கள்.

இந்த நகரத்தின் தனித் துயரம் கீழே இருக்கிறது. வடக்கு ஜகார்த்தாவில் சில இடங்கள் 1970-களிலிருந்து நான்கு மீட்டர் வரை அமிழ்ந்திருக்கின்றன. உலக அளவில் கடல் ஆண்டுக்குச் சுமார் 4 மில்லிமீட்டர் உயர்கிறது. அங்கே மோசமான ஆண்டுகளில் நிலம் 20 சென்டிமீட்டருக்கும் மேலே இறங்கியது. நகரத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் இன்று கடல்மட்டத்துக்குக் கீழே. முவாரா பாரு பகுதியில் கடல் சுவருக்கு வெளியே, தண்ணீரில் பாதி மூழ்கிய வல் அதுனா மசூதியைப் பத்திரிகைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். முக்கியக் காரணம் ஆழ்துளைக் கிணறு. குழாய்த் தண்ணீர் போகாத வீடும், போனாலும் போதாத ஹோட்டலும் மாலும் பூமியை உறிஞ்சுகின்றன. குடிநீர் விநியோகம் 1998 முதல் 2023 ஜனவரி வரை 25 ஆண்டுகள் தனியார் கையில் இருந்தது. ஒப்பந்தம் முடிந்தபோதும் மூன்றில் ஒரு பங்கு நகரத்துக்குக் குழாய் போய்ச் சேரவில்லை.

இது தடுக்க முடியாத விதியல்ல. பட்டியலில் மூன்றாம் இடத்துக்குப் போன டோக்கியோவும் இப்படித்தான் அமிழ்ந்துகொண்டிருந்தது. அதன் கிழக்குப் பகுதியில் நான்கு மீட்டருக்கு மேல். 1956-இலும் 1962-இலும் சட்டம் போட்டு, தொழிற்சாலைகளும் கட்டடங்களும் நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்தினார்கள், ஆற்று நீரைக் குழாயில் கொண்டுவந்து கொடுத்தார்கள். 1970-களின் நடுவில் அமிழ்வது ஏறக்குறைய நின்றது.

ஜகார்த்தா தேர்ந்தெடுத்த வழி வேறு. 2019 ஆகஸ்டில் அதிபர் ஜோக்கோ விடோடோ தலைநகரத்தையே போர்னியோ தீவுக்கு மாற்றப்போவதாக அறிவித்தார். நுசந்தாரா என்று பெயர், 466 லட்சம் கோடி ரூபியா என்று மதிப்பீடு. 2024 ஆகஸ்ட் 17 சுதந்திர தினக் கொடி அங்கே ஏறியது. அடுத்து வந்த பிரபோவோ அரசு அவசரம் காட்டவில்லை. 2028-இல் அரசியல் தலைநகராகட்டும் என்கிறது. திட்டம் முழுதாக நிறைவேறினாலும் 2045-இல் அங்கே இருக்கப்போவது சுமார் 20 லட்சம் பேர். முறையான வீட்டோடு, பயணப்படியோடு, அரசு செலவில் நடக்கும் இடப்பெயர்வு அது. மிச்சம் நான்கு கோடிப் பேர் இருந்த இடத்திலேயே.

அவர்களில் கம்புங் அகுவாரியம் மக்களின் கதை தனி. சுந்தா கெலாபா பழைய துறைமுகத்தின் பக்கத்தில், மீன் சந்தையை ஒட்டிய ஊர். 2016 ஏப்ரலில் வெள்ளத் தடுப்பு, சுற்றுலா என்று காரணம் சொல்லி ஒரே நாளில் இடித்துத் தள்ளினார்கள். இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி அடுக்குமாடி வாடகை வீடு தந்தார்கள். கடலையும் மீனையும் நம்பிப் பிழைத்தவர்களில் பலர் போகவில்லை, போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். இடிபாட்டின் மேல் கூடாரம் போட்டுக்கொண்டு ஓராண்டுக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த ஆளுநர் தேர்தல் வந்தது. நகர்ப்புற ஏழைகள் கூட்டமைப்பு வேட்பாளர் அனீஸ் பஸ்வேதானிடம் எழுத்துபூர்வமான ஒப்பந்தம் போட்டது, அவர் ஜெயித்தார். அதே இடத்தில், குடியிருப்பவர்களும் சேர்ந்து வடிவமைத்த ஐந்து கட்டடங்கள், 241 வீடுகள் எழுந்தன. முதல் கட்டடங்களை 2021 ஆகஸ்ட் 17-இல் திறந்தார்கள். நிர்வாகம் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கத்தின் கையில். நிலம் மட்டும் நகர அரசின் பெயரில்தான். ஓட்டு இருந்ததால் வந்த வெற்றி இது என்று குறைத்துச் சொல்பவர்கள் உண்டு. ஏழைக்கு வேறு என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கட்டடங்களின் கீழும் பூமி இறங்கிக்கொண்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு அரசு சொல்லும் தீர்வு, மேற்கே பான்டென் முதல் கிழக்கே கிரெசிக் வரை ஜாவாவின் வடகரை நெடுக 500 கிலோமீட்டர் ராட்சதக் கடல் சுவர். 8,000 கோடி டாலர் ஆகும் என்று பிரபோவோ 2025-இல் சொன்னார். கடலுக்குப் போகும் வழி அடைபடும் என்று மீனவர் சங்கங்கள் எதிர்க்கின்றன.

அவர்கள் பயப்படக் காரணம் இருக்கிறது. 2025 ஜனவரியில், பெருநகர ஜகார்த்தாவின் மேற்கு ஓரத்தில் உள்ள தாங்கெராங் கடலில் 30 கிலோமீட்டர் நீளத்துக்கு மூங்கில் வேலி நட்டிருப்பது தெரியவந்தது. மீனவர்கள் சுற்றிப் போக வேண்டியிருந்தது. விசாரித்ததில், கோஹோத் கிராமத்துக்கு எதிரே, அலையடிக்கும் கடலின் மேல் 263 கட்டட உரிமைச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருந்தது தெரிந்தது. பெரும்பாலானவை நிறுவனங்களின் பெயரில். அரைநூற்றாண்டு குடியிருந்தும் பட்டா கிடைக்காதவர்கள் வாழும் அதே பெருநகரத்தில், கடல்நீருக்கு முத்திரையோடு பத்திரம் இருந்தது. அமைச்சர் சான்றிதழ்களை ரத்து செய்யத் தொடங்கினார், கிராமத் தலைவர் கைதானார். கடற்படை வீரர்களும் மீனவர்களும் சேர்ந்து, படகில் கயிறு கட்டி இழுத்து, மூங்கில்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள்.